பாதியில் நிற்கும் பிள்ளைகளும் சான் அன்டோனியோவின் கதையும்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்களும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும், ஊரில் கராஜ், கடை, வேலைத்தளம் வைத்திருப்பவர்களும் ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஓ.எல். பெறுபேறு வந்ததும் நம் ஊர்களில் ஒரு கணக்குப் பார்ப்பது வழக்கம். ஒன்பது ஏ எத்தனை பேர், உயர்தரத்துக்குத் தகுதி எத்தனை பேர் என்று எண்ணுவோம். சந்தியில் பெனர் தொங்கும். தகுதி பெறாத பிள்ளைகளில் சிலர் தொழில்நுட்பக் கல்லூரிக்கோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ விண்ணப்பம் போடுவார்கள். வயரிங், ஏசி திருத்தம், வெல்டிங், தையல், கணினி என்று ஏதோ ஒரு கோர்ஸில் இடம் கிடைக்கும். "சேர்ந்துட்டான்" என்று வீட்டில் ஒரு நிம்மதி. ஊரின் கணக்கு அத்தோடு முடிந்துவிடும்.

அந்தக் கோர்ஸை எத்தனை பேர் முடித்தார்கள் என்று நாம் எண்ணுவதில்லை. ஆறு மாதத்தில் அதே பிள்ளை டவுனில் புடவைக் கடையில் நிற்கும். கேட்டால், "விட்டுட்டன் சேர்" என்பதற்கு மேல் பதில் வராது. பஸ் காசு, சிங்களத்தில் நடக்கும் பாடம், விளங்காத கணக்கு, வாப்பாவின் சுகவீனம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காரணம் இருக்கும். ஊர் மட்டும் ஒரே காரணத்தைத்தான் சொல்லும்: "அவனுக்குப் படிப்பில அக்கறை இல்ல."

இதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த இன்னொரு ஊர் இருந்தது. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ. அங்குள்ள ஏழைக் குடும்பங்கள் இந்தப் பிரச்சினையை எப்படிக் கையில் எடுத்தார்கள் என்ற வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறோம்.

*திறந்த கதவு*

முதலில் அங்குள்ள 'சமுதாயக் கல்லூரி' என்பதைச் சொல்ல வேண்டும். 1901இல் இலினோய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில், உயர்நிலைப் பாடசாலை ஒன்றோடு சேர்த்து இரண்டு வருடப் படிப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். முதல் தொகுதியில் ஆறே ஆறு மாணவர்கள். அமெரிக்காவின் முதலாவது அரசாங்க இரண்டு வருடக் கல்லூரி என்று சொல்லப்படுவது அதுதான். தூரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியில்லாத பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்பது அதன் நோக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. 1944இல் வந்த சட்டம் ஒன்று போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் படிப்புச் செலவை ஏற்றது. 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு, நாடெங்கும் இப்படிப்பட்ட கல்லூரிகள் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் பரவலானதும் அந்த அறிக்கைக்குப் பிறகுதான். கட்டணம் குறைவு. அனுமதிக்குப் பெரிய போட்டி இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். வெல்டிங் முதல் தாதியர் பயிற்சி வரை எல்லாம் அங்கே உண்டு.

கதவு திறந்தது உண்மை. ஆனால் உள்ளே போனவர்களில் பெருந்தொகையானவர்கள் சான்றிதழ் இல்லாமலேயே வெளியே வந்தார்கள். 1960இல் பேர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து எழுதினார். இந்தக் கல்லூரிகள் பிள்ளையின் ஆசையை மெல்ல மெல்ல ஆறவைக்கின்றன என்பது அவருடைய கருத்து. யாரும் முகத்துக்கு நேரே "உனக்குச் சரிவராது" என்று சொல்வதில்லை. பரீட்சைப் புள்ளியும் ஆலோசகரின் பேச்சும் சேர்ந்து, கடைசியில் பிள்ளையே "எனக்குத்தான் சரிவராது" என்று நம்பிவிடுகிறது. குற்றம் முழுவதும் தன்மேல் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. மேலே சொன்ன "விட்டுட்டன் சேர்" என்ற பதிலை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

*தையல் வகுப்பிலிருந்து கல்லூரி*

சான் அன்டோனியோ பழைய நகரம். மெக்சிக்கோ வம்சாவளி மக்கள் பெருமளவில் வாழும் இடம். அங்குள்ள சென் பிலிப்ஸ் கல்லூரியின் கதையே தனிக்கதை. அடிமைத்தனம் ஒழிந்து முப்பது வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில், 1898இல், கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்கான ஒரு சிறு தையல் வகுப்பாக ஒரு தேவாலயத்தின் ஆதரவில் அது தொடங்கியது. 1902இல் ஆர்ட்டிமீசியா பௌடன் என்ற இளம் ஆசிரியை பொறுப்பேற்றார். ஐம்பது வருடத்துக்கு மேல் அதையே தூக்கிச் சுமந்தார். காசு இல்லாத காலத்தில் ஊர் ஊராகப் போய் நன்கொடை சேர்த்தார். 1942இல் அது அரசாங்கக் கல்வி அமைப்போடு இணைந்தது. இன்று அந்த நகரின் முக்கியமான சமுதாயக் கல்லூரிகளில் ஒன்று. ஒரு ஆசிரியை பிடிவாதமாக நின்றால் தையல் வகுப்பும் கல்லூரியாகும் என்பதற்கு இது சாட்சி.

நகரின் மேற்குப் பகுதி ஏழைகளின் பகுதி. மழை பெய்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். வடிகான் கட்டித் தருவதாகச் சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் போயின. 1974இல் அந்தப் பகுதியின் கத்தோலிக்கத் தேவாலயங்களில் தொழும் சாதாரண மக்கள் 'கொப்ஸ்' என்ற பெயரில் ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். அதைக் கட்டியெழுப்ப உழைத்தவர் அதே நகரைச் சேர்ந்த எர்னெஸ்டோ கோர்டெஸ். தலைவர்களாக முன்னுக்கு வந்தவர்களில் பலர் வீட்டுப் பெண்கள். நகரசபைக்குக் கூட்டமாகப் போய், பெயர், திகதி, தொகை எல்லாம் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். வடிகான் வந்தது. பாதை வந்தது.

*1990, ஜனவரி*

அந்த நகரில் லீவைஸ் கம்பனியின் தையல் தொழிற்சாலை ஒன்று சர்சமோரா வீதியில் இருந்தது. 1990 ஜனவரியில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். உற்பத்தி கூலி குறைந்த நாடுகளுக்குப் போனது. ஏறத்தாழ 1,000 பேருக்கு வேலை போனது. அவர்களில் பெரும்பாலானோர் மெக்சிக்கோ வம்சாவளிப் பெண்கள், வருடக்கணக்காக மெஷினில் உட்கார்ந்தவர்கள். நம் பகுதிகளில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் சகோதரிகளை நினைத்துக்கொண்டால் அவர்களின் நிலை விளங்கும்.

அதே நேரம் அந்த நகரில் வேலை இல்லாமலும் இல்லை. வைத்தியசாலைகள் தாதியரைத் தேடிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த வேலைக்கு இரண்டு வருடப் படிப்பு வேண்டும். வேலை ஒரு கரையில், ஆட்கள் மறு கரையில், நடுவே பாலம் இல்லை.

கொப்ஸும் அதன் சகோதர அமைப்பான மெட்ரோ அலையன்ஸும் செய்த முதல் வேலை, மக்களைக் கேட்டது. வீடு வீடாகச் சிறு கூட்டங்கள் வைத்தார்கள். "பயிற்சிக்குப் போனீர்களா? என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். வந்த பதில்கள் கசப்பானவை. அரசாங்கப் பயிற்சிகளுக்கு மக்கள் போயிருந்தார்கள். குறுகிய கோர்ஸ், ஒரு சான்றிதழ், அதற்குப் பிறகு வேலை இல்லை. சிலர் இரண்டு மூன்று சான்றிதழ் வைத்திருந்தும் பழைய கூலியிலேயே நின்றார்கள். மக்களுக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு அந்தக் கூட்டங்களில் உடைந்தது.

அடுத்து முதலாளிமாரிடம் போனார்கள். நகரின் பெரிய வங்கியான ஃப்ரொஸ்ட் வங்கியின் தலைவர் டொம் ஃப்ரொஸ்ட் நடுவில் நின்று உதவினார். "உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் வேண்டும்? எத்தனை பேர்? என்ன சம்பளம்? நாங்கள் படிப்பித்துத் தந்தால் எடுப்பீர்களா?" என்று கேட்டு, வாக்குறுதி வாங்கிய பிறகே கோர்ஸைத் தெரிந்தெடுத்தார்கள். மாநில ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸிடமும் நகரசபையிடமும் போய் நிதி பெற்றார்கள். 1992இல் 'புரொஜெக்ட் குவெஸ்ட்' பிறந்தது.

*குவெஸ்ட் என்ன செய்தது?*

குவெஸ்ட் ஒரு கல்லூரி கட்டவில்லை, ஆசிரியரும் வைக்கவில்லை. இருந்த சமுதாயக் கல்லூரிகளிலேயே பிள்ளைகளைச் சேர்த்து, அவர்கள் முடிக்கும்வரை கூடவே நடந்தது.

ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆலோசகர் இருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் குழுவாகக் கூடுவார்கள். நேர முகாமைத்துவம், பரீட்சைப் பயம், வீட்டுப் பிரச்சினை, நேர்முகப் பரீட்சை எல்லாம் அங்கே பேசப்படும். ஒருவர் வராவிட்டால் மற்றவர்களுக்குத் தெரியும், ஆலோசகர் தேடிப் போவார்.

கல்லூரியில் கற்கும் அளவுக்கு வாசிப்போ கணக்கோ போதாதவர்களுக்கு முதலில் அதற்கான ஆயத்த வகுப்பு. அது இல்லாமல் கோர்ஸுக்குள் தள்ளினால் மூன்றாவது வாரத்தில் வெளியே வருவார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கட்டணம், புத்தகம், போக்குவரத்து, பிள்ளை பராமரிப்பு, அவசரத்துக்கு ஒரு கரண்ட் பில் என்று சிறு சிறு செலவுகளுக்கு உதவினார்கள். குடும்பச் செலவுக்கு மாதப்பணம் கொடுக்கவில்லை. அதனால் பலர் வேலையும் செய்துகொண்டு, படித்தும் முடித்தார்கள். இலகுவான பாதை என்று யாரும் சொல்லவில்லை.

*பலன் இருந்ததா?*

நம் ஊரில் ஒரு திட்டம் ஆரம்பித்தால் திறப்பு விழாப் படம் இருக்கும், பத்து வருடம் கழித்து என்ன ஆனது என்ற தகவல் இருக்காது. குவெஸ்டை ஆய்வாளர்கள் நீண்ட காலம் பின்தொடர்ந்தார்கள். 2006 முதல் 2008 வரை சுகாதாரத் துறைப் படிப்புக்கு விண்ணப்பித்த சுமார் 400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு குவெஸ்டின் துணை கிடைத்தது. மறு பகுதி வேறு வழிகளில் தாமாகவே முயன்றது. இரு தரப்பும் ஆரம்பத்தில் ஒரே மாதிரியானவர்கள் என்பதால், பிறகு வரும் வித்தியாசம் அந்தத் துணையால் வந்தது என்று சொல்லலாம்.

ஆரம்பத்தில் குவெஸ்ட் மாணவர்களின் உழைப்பு மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. காரணம், அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களின் உழைப்பு முந்தியது. அந்த இடைவெளி நிலைத்தும் நின்றது. ஒன்பதாவது வருடத்தில் அவர்கள் மற்றத் தரப்பைவிட வருடத்துக்கு 5,000 டொலருக்கு மேல் கூடுதலாக உழைத்தார்கள்.

பெற்றோர்கள் இந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசிக்க வேண்டும். முதல் வருடத்தில் கடைக்குப் போகும் மகன் கோர்ஸுக்குப் போகும் மகனைவிடக் கூடுதலாகக் கொண்டுவருவான். பக்கத்து வீட்டுப் பிள்ளை புது மோட்டார் சைக்கிள் எடுக்கும்போது, நம் பிள்ளை பஸ் காசு கேட்டு நிற்கும். பெரும்பாலான பிள்ளைகள் விட்டுவிட்டு வருவது அந்த மாதங்களில்தான். அந்த மாதங்களைத் தாண்டவைத்தால் மிச்சத்தைத் தொழில் பார்த்துக்கொள்ளும்.

*இன்னும் இரண்டு உதாரணங்கள்*

நியூயோர்க் நகரின் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் 'அசாப்' என்ற திட்டம் வந்தது. முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும். பதிலாகக் கட்டணத்தில் குறையும் தொகை, புத்தகச் செலவு, மாதாந்தப் பயண அட்டை எல்லாம் கிடைக்கும். பயண அட்டையை வாங்க ஆலோசகரிடம் வந்தே ஆக வேண்டும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளையின் முகத்தைக் காண்பார்கள். வழமையாக ஓர் ஆலோசகருக்கு 600 மாணவர்களுக்கு மேல் இருந்த இடத்தில், இங்கே 60 முதல் 80 பேர்தான். கணக்கிலோ மொழியிலோ பின்தங்கிய மாணவர்களை வைத்து இதையும் குலுக்கல் முறையில் ஆராய்ந்தார்கள். மூன்று வருடத்தில் முடித்தவர்கள் வழமையான முறையில் 22 வீதம், அசாப் மாணவர்களில் 40 வீதம். ஒஹாயோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதைப் பின்பற்றியபோதும் 19 வீதம் 35 வீதமானது. ஒரு மாணவருக்கான செலவு கூடியது உண்மை. ஆனால் முடித்தவர்கள் அதிகம் என்பதால், நியூயோர்க்கில் படித்து முடித்த ஒருவருக்கு ஆன செலவு குறைந்தது.

வொஷிங்டன் மாநிலத்தில் வேறொரு தடையைப் பிடித்தார்கள். ஆங்கிலம் போதாதவர்களிடம் "முதலில் ஆங்கிலம் படித்துவிட்டு வா, பிறகு தொழில்" என்று சொல்வது பழைய முறை. அப்படிப் போனவர்களில் பலர் தொழில் வகுப்பின் வாசலையே காணவில்லை. 2004 அளவில் 'ஐ-பெஸ்ட்' என்ற முறையைப் பரீட்சித்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தொழிலைக் கற்பிப்பார், மற்றவர் அதே பாடத்துக்குத் தேவையான மொழியையும் கணக்கையும் கற்பிப்பார். தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும் கோர்ஸில் போய் உட்காரும் நம் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

*நம் நாட்டில் கதவு இல்லையா?*

இருக்கிறது. பல தடவை திறக்கப்பட்டும் இருக்கிறது.

1943இல் கன்னங்கரா தலைமையிலான விசேட குழு, இடைநிலைக் கல்வியில் ஏட்டுக் கல்வியோடு செயன்முறைக் கல்விக்கும் தனிப் பாடசாலைகள் வேண்டும் என்று சொன்னது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆனால் பெற்றோர்கள் எல்லோரும் ஏட்டுக் கல்விப் பாடசாலையையே விரும்பினார்கள். உத்தியோகம் அங்கேதான் இருந்தது. 1972இல் கல்வி அமைச்சர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் காலத்துச் சீர்திருத்தம், தொழில் முன்னிலைப் பாடங்களை எல்லாப் பாடசாலைகளுக்கும் கொண்டுவந்தது. 1977 ஆட்சி மாற்றத்தோடு அதுவும் போனது. 1971இல் தொழிற்பயிலுநர் சட்டம், 1990இல் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம், 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபை, பிறகு ஏழு மட்டங்கள் கொண்ட என்.வி.கியூ முறை, 2008இல் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. இன்று சான்றிதழ் மட்டத்தில் நுழையும் பிள்ளை, படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போகச் சட்டப்படி வழி இருக்கிறது.

நம் சமூகமும் சும்மா இருக்கவில்லை. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை ஆரம்பித்தார். வசதியில்லாத ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் படிப்பு சமூகத்தின் கடமை என்ற எண்ணத்தை அது ஊன்றியது. இன்றும் ஊர் ஊராக வைத்தியபீட, பொறியியல்பீட மாணவர்களுக்கு உதவி கிடைக்கிறது. அது தொடர வேண்டும். ஏசி திருத்தப் படிக்கும் பிள்ளையும் அந்தப் பட்டியலில் வர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அவனுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் பஸ் காசும் ஒரு சப்பாத்தும்தான்.

*நாம் செய்யக்கூடியவை*

அமெரிக்காவின் காசு நம்மிடம் இல்லை. ஆனால் சான் அன்டோனியோவில் ஆரம்பித்தவர்களிடமும் காசு இருக்கவில்லை. தொழுகைக்குக் கூடும் மக்களும், வீட்டுக் கூட்டங்களும்தான் இருந்தன. அவை நம்மிடமும் இருக்கின்றன.

1. முதலில் கேட்போம். கோர்ஸை இடையில் விட்ட பிள்ளைகளை, ஏசாமல், வீட்டுக்குப் போய்ச் சந்திப்போம். ஏன் விட்டார்கள் என்பதை எழுதி வைப்போம். பத்து வீட்டுக்குப் போனாலே ஊரின் உண்மையான தடை எது என்று விளங்கிவிடும்.

2. பெயர்ப் பட்டியல் வைப்போம். இந்த வருடம் எந்தப் பிள்ளை எந்த நிலையத்தில், எந்தக் கோர்ஸில் சேர்ந்தது, இன்று போகிறதா என்று பள்ளிவாசலிலோ பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திலோ ஒரு கொப்பி இருக்கட்டும்.

3. பதினைந்து பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அதே தொழிலில் இருக்கும் நானாமார், ராத்தாமார் போதும். வாரத்தில் ஒரு தடவை கூடிப் பேசினால் போதும்.

4. உதவியை மாதாமாதம், வரவைப் பார்த்துக் கொடுப்போம். ஸகாத், ஸதகா நிதிகளில் எதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று உலமாக்களிடம் கேட்டு ஒழுங்கு செய்யலாம். தையல் மெஷினை ஒரே நாளில் கொடுத்துப் படம் எடுப்பதைவிட, சீசன் டிக்கட்டைப் பன்னிரண்டு மாதம் கொடுப்பது ஒரு பிள்ளையைக் கரைசேர்க்கும்.

5. கோர்ஸ் தொடங்குமுன் ஆயத்த வகுப்பு. அளவை, பின்னம், வீதக் கணக்கு, தொழிலுக்குத் தேவையான சிங்கள, ஆங்கிலச் சொற்கள். இதை ஆசிரியர்களாகிய நாங்கள் இலவசமாகச் செய்யத் தயார்.

6. முதலாளிமார் முதலில் வாக்குத் தர வேண்டும். "என்.வி.கியூ நான்காம் மட்டம் முடித்து வா, இத்தனை ரூபா சம்பளத்தில் எடுக்கிறேன்" என்று ஒரு ஹாஜியார் ஒரு பிள்ளைக்குச் சொன்னால், அந்தப் பிள்ளை கோர்ஸை விடுவதற்கு முன் பலமுறை யோசிக்கும்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவெஸ்டில் படித்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், அவர்களில் பலர் தாய்மார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், பாதுகாப்பான போக்குவரத்து, வீட்டாரின் சம்மதம் என்ற மூன்றும் கிடைத்தால் நம் சகோதரிகளும் முடிப்பார்கள். மாமியோ உம்மாவோ காலையில் நான்கு மணித்தியாலம் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் கல்விக்குச் செய்யும் உதவிதான்.

அடுத்த ஓ.எல். பெறுபேறு வருவதற்கு முன் ஐந்தாம், ஆறாம் விடயங்களைத் தொடங்க வேண்டும் என்று நாங்கள் சில ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். வாக்குத் தரக்கூடிய முதலாளிமார், நேரம் தரக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கோர்ஸை இடையில் விட்டுவிட்டுத் திரும்பப் போக நினைக்கும் பிள்ளைகள், தயங்காமல் எங்களோடு பேசுங்கள். இந்த வருடத்தில் ஊர் எண்ண வேண்டிய கணக்கு, சேர்ந்தவர்களோடு முடித்தவர்களும்தான்.

அல்லாஹ் நம் முயற்சிகளைப் பொருந்திக்கொள்வானாக. பிறரும் பயனடையப் பகிருங்கள்.